முதல் பல்லைப் பார்த்தவர்

லிஃப்ட் மெக்கானிக் ஒரு சபதம் எடுத்தார்.

மகன் குப்புற விழுந்தபோது அவர் ஊரில் இல்லை. உட்கார்ந்தபோதும் இல்லை. எல்லாம் போனில் கேட்ட சேதிதான். நாள் முழுக்க அடுத்தவர்கள் ஏறி இறங்கும் லிஃப்ட்டுகளைச் சரிசெய்துவிட்டு, ஒற்றைக் கட்டில் போட்ட வாடகை அறைக்குத் திரும்புவார். பேச ஆள் இல்லை. அதனால் முகம் பார்க்கும் கண்ணாடியிடம்தான் சொன்னார்: "முதல் பல்லையாவது நான்தான் முதல்ல பார்ப்பேன்!" கண்ணாடி மறுக்கவில்லை.

படித்துத் தயாரானார். ஆறு மாதத்தை ஒட்டிப் பல் வரும். சில பிள்ளைகளுக்கு முன்னே, சில பிள்ளைகளுக்குப் பின்னே. பெரும்பாலும் கீழ் நடுப்பல்தான் முதலில். ஜொள்ளு வடியும், ஈறு வீங்கும், கையில் கிடைத்ததெல்லாம் கடிபடும்.

மனைவிக்குப் போனில் உத்தரவு பறந்தது.

"நான் வர்ற வரைக்கும் அவன் வாயைப் பார்க்காதே."

"பார்க்காம எப்படிங்க ஊட்டுறது?"

"கண்ணை மூடிட்டு ஊட்டு."

"மூக்குல போயிடுமே!"

"சிரிக்காதே. எனக்குன்னு மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. பிறகு, "சரிங்க, பார்க்கலை" என்றாள்.

அதன்பின் போனில் முகம் காட்டும்போதெல்லாம் பிள்ளையின் வாயை ஒரு துண்டு மறைத்தது. "ஜொள்ளுங்க" என்றாள்.

இரண்டு மாதம் கழித்து லீவு கிடைத்தது. வந்ததும் வராததுமாகக் கையைக் கழுவி, பிள்ளையின் வாயில் விரலை விட்டார்.

"ஆ!"

"என்னங்க?"

"கடிச்சுட்டான்! பல்லு! கீழே ரெண்டு!"

"அய்யய்யோ, நிஜமாவா? எங்கே, காட்டுங்க!"

அவள் கண்கள் தட்டளவு விரிந்தன. அவள் விரலில் ஏனோ ஒரு பிளாஸ்திரி. அதை விசாரிக்க அவருக்கு ஏது நேரம்? தெரு முழுக்கச் சொல்ல வேண்டுமே! பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவும் கன்னத்தில் கைவைத்து, "அடேயப்பா, இன்னைக்கா!" என்றார்.

லீவு இரண்டே நாளில் தீர்ந்தது. பஸ் ஜன்னலுக்குக் கீழே பிள்ளையை இடுப்பில் வைத்தபடி மனைவி நின்றாள். ஒற்றைக் கட்டிலை நினைத்ததும் அவர் முகம் தொங்கிப்போனது. அந்த முகத்தைப் பார்த்துப் பிள்ளை வாய் நிறையச் சிரித்தான். மேல் ஈறில் வெள்ளையாக ஒரு புள்ளி! இரண்டு நாளும் கீழ்ப்பற்களையே கொஞ்சியதில், மேலே பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

"ஏய்! மேலேயும் ஒண்ணு! நான்தான் முதல்ல பார்த்தேன்!"

பஸ் நகர்ந்தது. இந்த முறை அவள் கண்ணை விரிக்க மறந்துவிட்டாள்.

"அடடா, பார்த்துட்டீங்களா? அதை உங்க அடுத்த லீவுக்குன்னு வெச்சிருந்தேனே!"