'உப்புக்கல்' தவறாத நடுநிலை

விமர்சனக் கலை தோன்றிய நாளாக, மரக்காணம் காசிலிங்கத்தைப் போல் நடுநிலை தவறாத தொலைக்காட்சி விமர்சகர் ஒருவர் பிறந்ததில்லை. அவர் எந்த நாடகத்துக்கும் பட்சபாதம் காட்டியதில்லை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி திட்டினார்.

பகலில் உப்பளக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். மற்ற நேரமெல்லாம், யாருக்கும் தெரியாமல், 'உப்புக்கல்' என்ற புனைபெயரில் புதுச்சேரி வாரப் பத்திரிகை ஒன்றின் தூண். பத்திரிகை திங்கட்கிழமையே அச்சேறிவிடும். நாடகமோ செவ்வாய்க்கிழமைதான் வரும். போதாக்குறைக்கு உப்புக்காற்று அவர் வீட்டு ஆண்டெனாவைத் தின்றுவிட்டது. இந்தச் சோதனைகளுக்கெல்லாம் அஞ்சுகிறவரா அவர்? செய்தித்தாளில் நாடகத்தின் தலைப்பைப் பார்ப்பார், எழுதிவிடுவார். "வசனத்தில் உயிரில்லை, முடிவு முன்பே தெரிகிறது." மூன்று வருஷமாக அது ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. நாடகங்களும் அந்த அளவுக்கு ஒத்துழைத்தன.

இப்பேர்ப்பட்டவர் தாமும் ஒரு நாடகம் எழுதியது கலைக்குச் செய்த கூடுதல் உபகாரம். உப்பளத்துக் கூலிப் பெண் ஒருத்தியைப் பற்றிய 'வெள்ளை வயல்'. சொந்தப் பெயரில் அனுப்பினார், தொலைக்காட்சி நிலையம் ஏற்றுக்கொண்டது. பத்திரிகையில் நாலு நல்ல வார்த்தை வந்தால் பதின்மூன்று வாரத் தொடரே தருவதாக அதிகாரி சொல்லியிருந்தார். அன்றிலிருந்து காசிலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. பாராட்டுரையை எழுதி வைத்துக்கொண்டு, தேதிக்காகக் காத்திருந்தார்.

ஒரு வாரம் நிகழ்ச்சி நிரலில் 'உழைப்பின் ஒளி' என்று ஏதோ ஒரு நாடகம். வழக்கம்போல் கிழித்தார். எழுதியவரை உப்புப் பாத்தியில் ஒரு நாள் வெயிலில் நிறுத்தினால் எழுத்தே மறந்துபோகும் என்று யோசனையும் சொன்னார்.

செவ்வாய் மாலை மனைவி ஜெயா அவரை முஹம்மது யூசுப் வீட்டுக்கு இழுத்துப்போனாள். யூசுப் சவுதியிலிருந்து டிவி கொண்டுவந்திருந்தார். நாடகம் தொடங்கியது. முதல் வசனம் காசிலிங்கத்துடையது. இரண்டாவதும்தான். நிலையத்தார் தலைப்பை மாற்றியிருந்தார்கள். எழுதியவரிடம் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. யூசுப்பின் மனைவி பாத்திமுத்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காசிலிங்கமும் அழுதார். பாவம், நன்றாகத்தான் எழுதியிருந்தார்.

"இதையாச்சும் அந்த உப்புக்கல்லு திட்டாம வுடுறானா பாப்போம்" என்றார் யூசுப்.

மறுநாள் காசிலிங்கம் முதல் பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போனார். கடைகளில் பத்திரிகை ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. ஆசிரியர் சுப்ராயனிடம் மறுப்பு போடச் சொல்லிக் கெஞ்சினார். என்ன காரணம் போடுவது என்று சுப்ராயன் கேட்டார்.

பதின்மூன்று வாரமும் காசிலிங்கத்தின் கண்முன் வந்து நின்றன.

"விமர்சனம் எழுதுனவரு நாடகத்தையே பாக்கலைன்னு போடுங்க."

சுப்ராயன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மூணு வருஷமா வாசகருங்க இதத்தான் சொல்றாங்க. பொறாமையில பேசுறாங்கன்னு நான்தான் நம்பல. இப்ப நீங்களே சொல்லிட்டீங்க."

தொடர் வேறொருவருக்குப் போனது. அதிகாரியும் நாடகத்தைப் பார்த்திருக்கவில்லை, விமர்சனத்தைத்தான் படித்திருந்தார். அடுத்த இதழில் ஒற்றை வரியில் மறுப்பு வந்தது. மூன்று வருஷத்தில் காசிலிங்கம் அந்தப் பத்திரிகைக்குத் தந்த உண்மையான விமர்சனம் அது ஒன்றுதான்.