மேடையில் மீதி இடம்

பல்கலைக்கழகத்தில் நடனத்துறை என்று ஒன்று இருந்துவிட்டால், வருஷத்துக்கு ஒரு தரமாவது அதில் யாராவது நடனம் ஆடியாக வேண்டும். அது விதி. விதியை எழுதின புண்ணியவான் ஆடுகிறவர்களைப் பற்றி விலாவாரியாக எழுதினார். உட்காருகிறவர்களை எங்கே உட்கார வைப்பது என்று எழுத மறந்துபோனார். வந்தது வினை.

அந்த வருஷம் கடைசி ஆண்டு மாணவிகளில் ஒருத்தியைப் பம்பரம் என்று கூப்பிடுவார்கள். மேடையில் ஒரு மூலையில் சுழலத் தொடங்கினால் நாலு மூலையையும் தொட்டுவிட்டுத்தான் நிற்பாள். அவளுக்குத் தலை சுற்றாது, பார்க்கிறவர்களுக்குத்தான் சுற்றும். அந்த ஆட்டம்தான் அவளுக்குத் தேர்வு. ஆண்டு விழாவில், ஊர் ஜனங்கள் முன்னால், தேர்வாளர் முன்னால் தனியாக ஆடிக் காட்ட வேண்டும். தேறினால் பட்டம். தேறாவிட்டால் படிப்பு அத்தோடு சரி என்று அண்ணன் சொல்லிவிட்டான். அவனுக்கு ஜெராக்ஸ் கடை. "கடையில உக்கார ஆள் இல்லாம நான் திண்டாடுறேன். நீ அங்க சுத்திக்கிட்டு இருக்கே" என்பது அவன் கட்சி.

ஒத்திகை நல்லபடியாகத்தான் தொடங்கியது. டீச்சர் தாளம் போட்டாள், பம்பரம் சுழன்றாள். அப்போது பதிவாளர் வந்தார். அவர் பின்னாலேயே ஒரு சோபா வந்தது. அதை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"இது யாருக்கு சார்?" என்றாள் டீச்சர்.

"சிறப்பு விருந்தினருக்கு. மேடையில போடணும்."

"கீழ முன் வரிசையில உக்காந்தா அவருக்கு ஆட்டம் நல்லாத் தெரியுமே சார்."

"ஆட்டம் அவருக்குத் தெரியட்டும், தெரியாமப் போகட்டும். அவர் ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

சோபா ஒரு மூலையில் அமர்ந்தது. பம்பரம் மூன்று மூலையோடு நிறுத்திக்கொண்டாள்.

விருந்தினர் மேலே என்றால் துணைவேந்தர் கீழேயா? துணைவேந்தர் மேலே என்றால், போன துணைவேந்தர் என்ன செத்தா போனார்? அவரைக் கூப்பிட்டுவிட்டு, அவரை வீட்டுக்கு அனுப்பின குழுவின் தலைவரைக் கூப்பிடாமல் இருக்க முடியுமா? இப்படி நியாயத்துக்கு மேல் நியாயமாக நாற்காலிகள் வந்துகொண்டே இருந்தன. யாருடைய நாற்காலியும் யாருக்கும் பின்னால் இருக்கக் கூடாது என்று தீர்மானமாயிற்று. ஆகவே எல்லாம் மேடையின் முன் விளிம்பில், ஒரே வரிசையில். விளிம்பு நிறைந்ததும் வரிசை இரண்டு பக்கமும் வளைந்து, பின் திரையைப் போய்த் தொட்டது. நடுவில், மாட்டைக் கட்டிப்போட்ட கொட்டில் மாதிரி கொஞ்சம் இடம் மீந்தது. அது நடனத்துக்கு.

"சார், நாற்காலியைப் பின்னால தள்ளிட்டு இவங்க முன்னால ஆடலாமே?"

"யோசிச்சுப் பேசும்மா. முன்னால ஆடினா மேன்மைதங்கியவர்களுக்கு முதுகைக் காட்டணும்."

"அவங்களைப் பாத்து ஆடினா?"

"ஜனங்களுக்கு முதுகு. ஜனங்களுக்கு அது பழக்கம்தான், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா நாற்காலியைத் தள்ளணும்னா மேலிடத்து உத்தரவு வேணும். மேலிடமே நாற்காலியிலதானே உக்காரப் போகுது?"

அடுத்து ஒரு சுற்றறிக்கை வந்தது. காலி நாற்காலிகளை வைத்து ஒத்திகை பார்ப்பது விழாவின் மாண்புக்குக் குந்தகம் விளைவிக்கும். ஆகவே விருந்தினர்களின் இடத்தில் தக்க பதில் ஆட்களை அமர்த்துக. வகுப்பில் பாதிப் பேர் ஆட்டத்தை விட்டுவிட்டு உட்காரப் போனார்கள். உட்காருவது லேசுப்பட்ட வேலை இல்லை. யார் கால் மேல் கால் போடலாம், யார் சாய்ந்துகொள்ளலாம், யார் சாய்வது போல் காட்டிவிட்டு நிமிர வேண்டும் என்று டீச்சர் காலையிலிருந்து சொல்லிக்கொடுத்தாள்.

"ஏய் துணைவேந்தரு, தூங்காதே!"

"டீச்சர், அவரு நிஜமாவே தூங்குவாரு. போன வருஷம் நான் பாத்தேன்."

"அப்ப வாயை மூடிக்கிட்டுத் தூங்கு."

உட்கார்ந்தவர்களிடம் ஒரு பிழையும் காண முடியவில்லை. கால் பிசகவில்லை, தாளம் தப்பவில்லை. ஒத்திகை மதிப்பெண் முழுசாக அவர்களுக்கே போயிற்று. ஆடினவர்கள் சோபாவில் இடித்துக்கொண்டு முழங்காலில் மருந்து தடவிக்கொண்டார்கள்.

பம்பரம் டீச்சரைத் தனியாகப் பிடித்தாள். "டீச்சர், இந்த இடத்துல எப்படிச் சுழலுறது? கையை நீட்டினா பதிவாளர் மூக்கு வருது."

டீச்சர் முகத்தில் ஒரு ஒளி வந்தது. அவள் அப்போதுதான் ஒரு கருத்தரங்கத்துக்குப் போய்விட்டு வந்திருந்தாள்.

"கையை ஏன்டி நீட்டுறே? வெளிநாட்டுல இப்ப யாரும் நீட்டுறதில்ல. கை காலை வீசுறதெல்லாம் பழைய பாணி. இப்ப ஒடுங்கு நடனம்தான் எல்லாம்."

"அப்படின்னா?"

"உள்ளுக்குள்ளயே ஆடணும். வெளியில தெரியக் கூடாது."

"வெளியில தெரியாததை எப்படி டீச்சர் பாப்பாங்க?"

"ரசனை உள்ளவங்க பாப்பாங்க. மத்தவங்க கைதட்டுவாங்க."

ஒரு வாரத்தில் துறை முழுக்க ஒடுங்கு நடனம் பரவிவிட்டது. முழங்கையை இடுப்போடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் பக்கவாட்டில் நகர வேண்டும். தூங்குகிற பிள்ளையைத் தாண்டிப் போகிற நடைதான். கைக்குழந்தை உள்ள வீட்டில் எல்லாம் பட்டம் வாங்காமலே இதை ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அது கலை என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி ஒருவர் ஆராய்ச்சியே தொடங்கிவிட்டார். தொடங்கினதால் அவருக்கும் மேடையில் ஒரு நாற்காலி போட்டார்கள்.

பம்பரத்துக்கு ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது: தேர்வாளராவது கீழே உட்காருவார். அதுவும் போயிற்று. அவருக்கும் மேலேதான் இடம். "திரும்பிப் பாப்பாரா சார்?" என்று கேட்டாள்.

"திரும்பினா பக்கத்து நாற்காலிக்கு முதுகு காட்டின மாதிரி ஆயிடும்" என்றார் பதிவாளர். "காலடிச் சத்தத்தைக் கேட்டு மார்க் போடுவார். அனுபவசாலி."

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். வீட்டில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெற்றோர் சார்பில் ஒருவரை மேடையில் அமர்த்த வேண்டும் என்று புதிதாக முடிவாகி, அப்பா இல்லாத வீடு என்பதால் அண்ணனுக்கு அழைப்பு வந்திருந்தது. அண்ணி அவன் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம வீட்டுல மேடை ஏறுற முதல் ஆளுடி உன் அண்ணன்!" என்றாள் அம்மா.

"ஏம்மா, நான் மூணு வருஷமா மேடையிலதானே நிக்கிறேன்?"

"நீ நிக்கிறே. அவன் உக்காரப் போறான்."

"அண்ணா, உன் நாற்காலியும் வந்தா எனக்குக் கால் வைக்க இடமிருக்காது. நான் தேற மாட்டேன். நீ வேண்டாம்னு சொல்லிடேன்."

அண்ணன் உருகிப்போனான். "உனக்காகத்தானே போறேன் பாப்பா. நான் அங்க உக்காந்திருந்தா உனக்கு ஒரு மரியாதை இல்லியா?"

விழா நாள் வந்தது. மண்டபம் நிறைந்து வழிந்தது. டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை, "பாருடி, கலைக்கு எவ்வளவு கூட்டம்!" என்றாள். மேடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நடனம் எப்படி அழிந்துவருகிறது என்று வருத்தப்பட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். வருத்தப்பட்டு முடியவே பாதிப் பொழுது போயிற்று. பிறகு பம்பரத்தின் பெயரை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

நாற்காலிக் கொட்டிலுக்குள் அவள் நின்றாள். எதிரே முதுகுகள். வழுக்கைத் தலைகள். அண்ணனுடைய தேய்த்த சட்டை. தேர்வாளருடைய காது. தாளம் தொடங்கியது. முழங்கையை ஒட்டி நாலு அடி நகர்ந்து பார்த்தாள். ஒரு தலையும் திரும்பவில்லை. மண்டபத்திலிருந்து பார்த்தால், சோபாவுக்குப் பின்னால் யாரோ எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி இருந்தது.

அவளுக்குள் என்ன வந்ததோ. நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து, மேடையை விட்டுக் கீழே குதித்துவிட்டாள். மேடைக்கும் முன் வரிசைக்கும் நடுவில் நல்ல அகலமான தரை. கையை முழுசாக நீட்டினாள். சுழன்றாள். அப்படி ஒரு சுழற்சி அந்தப் பல்கலைக்கழகத்தில் நடந்ததே இல்லை. பாவாடை குடை மாதிரி விரிந்தது, காற்று முன் வரிசை வரைக்கும் வந்தது.

"அத்தை! அத்தை சுத்துது!" என்று அண்ணி மடியிலிருந்த குழந்தை கை கொட்டியது.

"சும்மா இரு, அங்க அப்பாவைப் பாரு" என்று அண்ணி அதன் தலையை மேடைப் பக்கம் திருப்பினாள்.

அப்போதுதான் பம்பரம் கவனித்தாள். மண்டபம் முழுக்கச் செல்போன்கள் உயர்ந்திருந்தன. ஒன்றுகூட அவள் பக்கம் இல்லை. எல்லாம் அவள் தலைக்கு மேலே நீண்டிருந்தன. வந்தவர்கள் எல்லாரும் மேடையில் உட்கார்ந்தவர்களின் மனைவி, மச்சினன், மருமகள், சம்பந்தி.

"யம்மா பொண்ணு, மறைக்குது!"

"எங்க மாமா மூஞ்சியே விழல!"

"ஆடுறதுன்னா ஓரமா ஆடக் கூடாதா?"

எல்லாக் குரலுக்கும் மேலே ஒரு குரல் வந்தது. பிறந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த குரல். "ஏய்! உக்காருடி! உன் அண்ணன் தெரியல!"

அம்மா சொன்னால் கேட்டுத்தான் பழக்கம். நீட்டின கையைச் சட்டென்று மடக்கி, அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பார்வை மறைப்பது நின்றது. எல்லாருக்கும் அவரவர் ஆள் தெரிந்தார். மண்டபமே எழுந்து கைதட்டியது.

அதுவரை செல்போன்களுக்கு முகம் காட்டிக்கொண்டிருந்த தேர்வாளர் கைதட்டலைக் கேட்டுக் குனிந்து பார்த்தார். அவள் அவர் கண்ணில் பட்டது அப்போதுதான். உடனே மார்க் போட்டார். முதல் இடம்.

வீட்டுக்கு வருகிற வழியில் அம்மா அவள் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தாள். "ரொம்ப நல்லா ஆடினேடி கண்ணு."

"எதும்மா நல்லா இருந்துச்சு?"

அம்மா மனசாரத்தான் சொன்னாள். "கடைசியில உக்காந்தே பாரு, அது."