ராஜா குளிக்கவிருந்த சவுனா

1918-ஆம் ஆண்டு. பஞ்சத்தில் மாவில் மரப்பட்டையைக் கலந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த பின்லாந்துக்கு உடனடித் தேவை ஒரு ராஜாதான் என்று ஹெல்சிங்கியில் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். உள்ளூர்ச் சரக்கு சரிப்படாது என்று ஜெர்மனியிலிருந்து ஓர் இளவரசரைத் தேர்ந்தெடுத்தார்கள். நாட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர் எப்படியும் கொர்ப்பிவாரா கிராமத்தில் குளிப்பார் என்று அந்தக் கிராம சபை கண்டுபிடித்தது. ஏன் குளிப்பார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது தேசபக்தி ஆகாது.

ஊரிலேயே நல்ல சவுனா, அதாவது மேலும் கீழுமாய்ப் பலகை போட்டு நீராவியில் வேர்த்துக் குளிக்கும் மர அறை, தீல்டாவுடையது. சபைத் தலைவர் அபெல் அதற்குப் பூட்டுப் போட்டு, "மேன்மை தங்கிய மன்னர் நீராடும்வரை மானிடப் பிரவேசம் தடை செய்யப்படுகிறது" என்று எழுதி ஒட்டினார்.

தீல்டாவுக்கு வயிறு எரிந்தது. மகள் சைமாவுக்கு மாசம் நிறைந்துவிட்டது. வெந்நீர், சுத்தம், கதகதப்பு எல்லாம் அங்கேதான். அந்த ஊரில் பிள்ளை பெறுவதே சவுனாவில்தான்.

"ஏம்ப்பா அபெல், நீயே அந்த மேல்பலகைல பொறந்தவன்தானே?"

"அப்ப நான் தலைவர் இல்லக்கா."

இதற்குள் சபைக்கு ஒரு சட்டச் சிக்கல் முளைத்தது. இலைக்கொத்தால் முதுகில் அடிக்காவிட்டால் அது குளியலே இல்லை. அடித்தாலோ ராஜதுரோகம். கூட்டம் மேல் கூட்டம் போட்டு, ஒத்திகை பார்ப்பதென்று தீர்மானித்தார்கள். அபெல் தற்காலிக ராஜாவாகப் பதவியேற்று, துணியைக் களைந்து மேல்பலகையில் குப்புறப் படுத்தார். அடிக்கும் பொறுப்பு தீல்டாவுக்கு.

தீல்டா மனசார அடித்தாள்.

"ஐயோ, போதும்!"

"ராஜாவுக்கு நம்ம பாஷை தெரியாது. அது பேச்சுல சேராது," என்றார் எழுத்தர் நீலோ. "தொடரலாம்."

"டேய் நீலோ, உன்னை வேலையை விட்டே தூக்கிடுவேன்!"

"மன்னர் ஜெர்மன்ல ஏதோ சொல்றார். சுகமா இருக்காம்."

தீல்டா இன்னும் நாலு போட்டுவிட்டுக் குனிந்தாள். "மகாராஜா, என் பொண்ணுக்கு இங்க பிரசவம் பார்க்க உத்தரவுன்னா, தலையை மட்டும் ஆட்டுங்க."

கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவுக்கு அபெல் ஆட்டினார். நீலோ அதை அரசாணை என்று அறிவித்தார். மறுநாளே சைமாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தீல்டா சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

டிசம்பரில் சேதி வந்தது. ராஜா வரப்போவதில்லை, பதவியும் வேண்டாமாம். பிறகு நாடு குடியரசானது. இனி எல்லோரும் சமம் என்று அபெலே முழங்கிவிட்டுத் தடையை நீக்கினார்.

முதல் ஆளாகப் பக்கத்து வீட்டு பீனா, வலியெடுத்த மருமகளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள்.

"வாம்மா, உள்ள வா. கீழ்ப்பலகைல படுக்க வை," என்றாள் தீல்டா.

"மேல்பலகை காலியாத்தானே கிடக்கு?"

"அது ராஜகுடும்பத்துக்கு."

"எந்த ராஜகுடும்பம்டி?"

"இந்த நாட்டுல அரசாணையோட பொறந்தவன் என் பேரன் ஒருத்தன்தான். வேணும்னா நீலோவைக் கேளு."

பீனா யோசித்துப் பார்த்தாள். நியாயமாகத்தான் பட்டது. மருமகளைக் கீழ்ப்பலகையில் கிடத்திவிட்டு, போகிற போக்கில் தீல்டாவின் பேரன் கிடந்த தொட்டிலுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

விஷயம் ஊருக்குள் பரவியது. மாசமாயிருந்த பெண்களின் வீட்டுக்காரர்கள் யாரும் சும்மா இருக்கவில்லை. குடியரசு பிறந்த அந்த வாரமே, தங்கள் பிள்ளைக்கும் ஓர் அரசாணை போட அபெல் இன்னொரு தரம் ராஜாவாக வேண்டுமென்று, கையில் ஆளுக்கொரு இலைக்கொத்தோடு அவர் வீட்டு வாசலில் வரிசையில் நின்றார்கள்.