நெடுந்தீவுக்கு வந்த றோஸ் காப்பு

அந்த ஒக்டோபரில் நெடுந்தீவுக்கு மழைக்கு முன்னால் றோஸ் நிறம் வந்தது.

குறிகட்டுவான் துறையிலிருந்து வந்த படகில் முதலில் இறங்கியது ஒரு றோஸ் குடை. அதற்குப் பின்னால் றோஸ் பெட்டிகள். அவற்றுக்கும் பின்னால் றோஸ் சேட்டுப் போட்ட டொக்டர் கோபிசங்கர். எங்கே படித்த டொக்டர் என்று யாராவது கேட்டால், "சர்வதேசம்" என்பார். பெரிய இடம்தான். அதற்கு மேல் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

மறுநாள் மாதர் சங்க மண்டப வாசலில் பதாகை தொங்கியது. அதில் இரண்டு இளநீர். இரண்டுக்கும் றோஸ் ரிபன் கட்டியிருந்தது. கீழே கொட்டை எழுத்தில், "இரண்டையும் காப்போம்! மார்புப் புற்றுநோயை வெல்வோம்!" இதை எழுதியவரையும் ஒரு தாய்தான் பெற்றிருப்பாள். தென்னையில் காய்த்து விழுந்திருக்க நியாயமில்லை.

மண்டபத்துக்குள் றோஸ் கோப்பை, றோஸ் தும்புத்தடி, றோஸ் நுளம்புத்திரி என்று கடை விரிந்திருந்தது. எதை வாங்கினாலும் அதில் ஒரு பங்கு புற்றுநோயாளருக்குப் போகுமாம். தும்புத்தடி வாங்கினால் முற்றமும் சுத்தமாகும், நோயாளியும் பிழைப்பார். பெரிய பெரிய வைத்தியர்களுக்கு இத்தனை காலமும் இது தோன்றாமல் போனது ஆச்சரியம்தான்.

ஆனால் சனம் முண்டியடித்தது தும்புத்தடிக்கு அல்ல, றோஸ் காப்புக்கு. பார்த்தால் வெறும் பிளாஸ்ரிக். கையில் போட்டால் உடம்பில் உள்ள நோய்க்கதிரை உறிஞ்சி எடுத்துவிடும். கோயிலில் பூசை வைத்தது, தேவாலயத்தில் மந்திரித்தது. சைவர்களுக்கும் கத்தோலிக்கருக்கும் ஒரே காப்பு. மத ஒற்றுமை இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று யார் கண்டது? விலை மட்டும் கொஞ்சம் கூட. ஒரு கறவை ஆட்டை விற்றால் ஒரு காப்பு வாங்கலாம்.

நிலுஜாவிடம் கறவை ஆடு ஒன்று இருந்தது. கட்டியும் ஒன்று இருந்தது.

மார்பில் கட்டி இருப்பதை அவள் புருசனுக்கே சொல்லவில்லை. பக்கத்து வளவு ஞானசவுந்தரிக்கு மட்டும் சொன்னாள். ஞானசவுந்தரி அவளைத் தீவு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், யாழ்ப்பாணத்தில் சோதிக்கத் திங்கட்கிழமைக்கு நாளும் எடுத்துக் கொடுத்திருந்தாள். இப்போது நிலுஜா வேலியோரம் வந்து நின்றாள். ஞானசவுந்தரி மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, திங்கட்கிழமை நான் வரேல்லை."

"ஏன்?"

"காப்பு வாங்கப் போறன். ஆட்டுக்கு ஆள் பாத்தாச்சு. டொக்டர் வெளிச்சம் எரியிற கோல் ஒண்டைப் பிடிச்சுப் பாத்து, காப்பைப் போட்டுவிட்டா கட்டி கரைஞ்சிடுமாம். வெட்டத் தேவையில்லையாம்."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும் சொல்லினம்."

"எல்லாரும் எண்டால் ஆர்?"

நிலுஜா யோசித்தாள். "அன்னபூரணம் அக்கா," என்றாள்.

அன்னபூரணம் மாதர் சங்கத் தலைவி. மண்டபத்தைக் கொடுத்ததற்காக டொக்டர் கையாலேயே முதல் காப்புப் போட்டுக்கொண்டவர்.

ஞானசவுந்தரிக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. நாலு வருடத்துக்கு முன் இதே நோய்க்கு அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். கத்திக்குப் பயப்படுகிறவளிடம் பயப்படாதே என்று சொல்வதில் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவளிடமும் எத்தனையோ பேர் சொன்னார்கள். ஒருவர் சொன்னதும் உதவவில்லை.

"ஆட்டை இண்டைக்கு விக்காதையும். முதல் நான் போய்ப் பாக்கிறன்."

"நீங்களோ? உங்களுக்குத்தான் ஒண்டு..." நிலுஜா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஓம், ஒண்டுதான். அதாலைதான் போறன். நீரும் வாரும்."

வெளியே போகும்போது ஞானசவுந்தரி இடது பக்கத்தில் ஒரு துணிப்பை வைத்துக்கொள்வாள். தானே தைத்தது. உள்ளே பஞ்சு. பாரம் சரியாக இருக்க ஒரு பிடி பயறு. ஊர்ப் பெண்களுக்கு இது தெரியும், ஆனால் யாரும் கதைப்பதில்லை. சர்வதேசத்தில் படித்த டொக்டருக்கு மட்டும் தெரியாது.

மண்டபம் நிறையப் பெண்கள். ஆண்களுக்கு அனுமதி இல்லை என்றபடியால் அவர்கள் எல்லாரும் ஜன்னலில் நின்றார்கள். டொக்டர் கோபிசங்கர் மைக்கைப் பிடித்து, "அடுத்தது எந்த அம்மா?" என்று கேட்டார்.

ஞானசவுந்தரி மேடையில் ஏறினாள். முன்வரிசைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஏதும் வருத்தம் இருக்கோ அம்மா?"

"இடப்பக்கம் கொஞ்சம் பாரமாக் கிடக்குது, தம்பி."

அவள் பொய் சொல்லவில்லை. ஒரு பிடி பயறு பாரம்தான்.

டொக்டர் வெள்ளைக் கோலை எடுத்தார். உடம்பில் படாமல் ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். வலது பக்கம் பச்சை வெளிச்சம். "சுத்தம்!" இடது பக்கம் கோல் போனதும் சிவப்பு வெளிச்சம் பளிச்சென்று எரிந்தது. டொக்டரின் முகம் கறுத்தது. அந்த நடிப்புக்கே தனியாகக் கட்டணம் வாங்கலாம்.

"அம்மா, பதறாதேங்கோ. நெல்லிக்காய் அளவிலை ஒரு கட்டி. வேர் விடத் தொடங்கீட்டுது."

முன்வரிசையில் ஒருத்தி சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்று டொக்டர் நினைத்தார்.

"வடிவாப் பாத்தனீரோ தம்பி?"

"கோல் பொய் சொல்லாது. இந்தாங்கோ, காப்பைப் போடுங்கோ. கண்ணை மூடி உங்கட கடவுளைக் கும்பிடுங்கோ."

ஞானசவுந்தரி காப்பைப் போட்டாள், கண்ணை மட்டும் மூடவில்லை. டொக்டர் ஏதோ முணுமுணுத்து மறுபடி கோலைப் பிடித்தார். பச்சை!

"கரையுது! கட்டி கரையுது! கை தட்டுங்கோ!"

ஜன்னலில் இருந்த ஆண்கள் தட்டினார்கள். பெண்கள் தட்டவில்லை. அவர்களுக்குத் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

ஞானசவுந்தரி சனத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். சேலைக்குள் கையை விட்டாள். பையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதிலைதானே தம்பி கட்டி?"

டொக்டர் பையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். திரும்பவும் பையைப் பார்த்தார்.

அவள் தையலைப் பிரித்தாள். பச்சைப் பயறு மேசையில் உருண்டது. "நாலு வருசத்துக்கு முதல் வெட்டி எடுத்ததிலை நீர் எப்பிடிக் கட்டி கண்டனீர்? பயறுக்கும் புற்றுநோய் வருமோ?"

மண்டபம் வெடித்தது. ஜன்னலில் நின்ற ஒருவர் சிரித்த சிரிப்பில் பின்பக்கமாக விழுந்தார்.

"இது... இது பழைய நோயின்ர கதிர் அம்மா. துணியிலை தங்கி..." என்று டொக்டர் இழுத்தார்.

சிரிக்காமல் இருந்தவள் நிலுஜா ஒருத்திதான். அவள் விறுவிறென்று மேடையில் ஏறிக் கோலைப் பிடுங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கைபிடியில் டொக்டரின் பெருவிரல் இருந்த இடத்தில் இரண்டு சின்னப் பொத்தான்கள். ஒன்றை அமத்தினாள், சிவப்பு. மற்றதை அமத்தினாள், பச்சை. மேசைக்கு நேரே பிடித்தாள், மேசைக்கும் நோய். டொக்டர் உட்காரும் கதிரைக்கும் நோய். கோபிசங்கரின் நெஞ்சுக்கு நேரே பிடித்துச் சிவப்புப் பொத்தானை அமத்தியபடியே நின்றாள்.

"எனக்கு உண்மையாக் கட்டி இருக்குது," என்றாள். "நான் ஆட்டை வித்து உம்மட்டை வர இருந்தனான். நீர் பச்சை எண்டு சொல்லியிருந்தால் நான் வீட்டிலை இருந்திருப்பன். என்ர பிள்ளையள் ரெண்டும் சின்னன்."

இதற்கு மேல் கோபிசங்கருக்கு 'டொக்டர்' போடத் தேவையில்லை. மரியாதைக்கு 'ர்' போடவும் தேவையில்லை.

"இன்னொண்டு தம்பி," என்றாள் ஞானசவுந்தரி. "விக்கிறதிலை ஒரு பங்கு நோயாளருக்கு எண்டு எழுதிக் கிடக்குது. எந்த ஆஸ்பத்திரிக்குக் குடுத்தனீர்?"

"அது அம்மா... சர்வதேச ரீதியிலை..."

"அவ்வளவு தூரம் ஏன்? நான்தான் நோயாளி. இஞ்சை நிக்கிறன். என்ர பங்கைத் தாரும்."

அவன் பின்கதவைப் பார்த்தான். அங்கே ஆண்கள் நின்றார்கள். ஜன்னலில் நின்றவர்களுக்கு அன்றைக்குத்தான் ஒரு உபயோகமான வேலை கிடைத்தது. வாங்கின காசு முழுவதையும் திருப்பிக் கொடுத்த பிறகே அவனைப் பொலிஸிடம் கொண்டுபோனார்கள். பதாகையையும் கழற்றி அவனோடு கட்டி அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை காலைப் படகில் நிலுஜா போனாள். புருசனும் கூடப் போனான். ஞானசவுந்தரியும் போனாள். சோதித்துப் பார்த்ததில் அது புற்றுநோய்தான். ஆனால் சின்னது, பரவவில்லை. "நல்ல நேரத்திலை வந்தனீங்கள்" என்று வைத்தியர் சொன்னபோது நிலுஜா அழுதாள். ஞானசவுந்தரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். சத்திரசிகிச்சை முடிந்து நிலுஜா ஊர் திரும்பினாள். ஆடு இன்னும் பால் கறக்கிறது.

நிலுஜாவைப் பார்க்க அன்னபூரணம் வந்தபோது ஞானசவுந்தரியும் அங்கே இருந்தாள். அன்னபூரணத்தின் கையில் இன்னும் அதே றோஸ் காப்பு!

"அது பொய்யெண்டு தெரியும் ஞானம்," என்றார். "எண்டாலும் சும்மா கையிலை கிடந்தால் ஒரு பாதகமும் இல்லைத்தானே?"

"இருக்குது அக்கா. கையிலை காப்புக் கிடந்தால் கால் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாது."

அன்னபூரணம் கொஞ்ச நேரம் காப்பைச் சுழற்றிக்கொண்டிருந்தார். பிறகு கழற்றினார். காப்பு இறுகிக் கை வீங்கியிருந்தபடியால் சவர்க்காரம் போட்டுத்தான் கழற்ற முடிந்தது. மூளையில் மாட்டியிருப்பதைக் கழற்றச் சவர்க்காரம் விற்பதாகத் தெரியவில்லை. அதற்குக் கேள்விதான் கேட்க வேண்டும், அதையும் காசு கொடுக்க முதல் கேட்க வேண்டும்.