எந்த வாரத்து வியாழக்கிழமை?

வாரத்துக்கு ஏழு நாள் என்று உலகமே ஒத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும் விஷயத்தை, ஒற்றை ஆளாக உட்கார்ந்து குழப்பிக் காட்டிய பெருமை எங்கள் எந்தவாரம் சாருக்கு மட்டுமே உண்டு. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

ஒடுகத்தூர்ப் பக்கம், ஜவ்வாது மலைக்குப் பஸ் ஏற்றிவிடும் ஒரு டிப்போ. அங்கே டூட்டி சார்ட் போடுகிறவர் அவர். எதிர் மேஜை நான். எந்த பஸ்ஸுக்கு எந்த டிரைவர், எந்தக் கண்டக்டர், யாருக்கு என்றைக்கு ஆஃப் என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆஃப் எப்போது என்று யாராவது வந்து நின்றால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "எந்த வாரம்?" என்பார். இந்த வாரம்தான் என்று சொன்னால், "உன் வாரமா, மேனேஜர் வாரமா, சங்கத்து வாரமா?" என்பார். வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார்.

பழி முழுவதையும் அவர்மேல் போட முடியாது. முன்பெல்லாம் நிர்வாகம் நினைத்தபடி சார்ட்டை மாற்றும். தீபாவளிக்கு வீட்டில் இருக்கலாம் என்று நம்பியவன் வேலூர் பஸ்ஸில் விசில் ஊதிக்கொண்டிருப்பான். தொழிற்சங்கம் போராடித்தான் ஒப்பந்தம் வந்தது. வாரம் ஒரு நாள் ஆஃப். வாரம் தொடங்கிவிட்டால் சார்ட்டைத் தொடக் கூடாது. அப்படி மாற்றுவதானால் ஆஃபில் இருக்கும் ஒருவர் டூட்டிக்காரரோடு மாறிக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும், சங்கச் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும். அருமையான ஒப்பந்தம். வாரம் என்றைக்குத் தொடங்குகிறது என்று எழுதத்தான் இரண்டு தரப்பும் மறந்துவிட்டன.

மேனேஜருக்கு வாரம் திங்கட்கிழமை தொடங்கும். சங்கச் செயலாளர் டிரைவர் அருளப்பனுக்கு மாதா கோயில் பூசைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைதான் முதல் நாள். மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கோ வாரம் என்பது சந்தைக்குச் சந்தை. ஒடுகத்தூர்ச் சந்தை கூடும் வெள்ளிக்கிழமை பிறந்து, வியாழக்கிழமையோடு முடியும். யார் மனதையும் நோகடிக்கத் தெரியாத சார், சார்ட்டின் அடியில் 'ஆஃப்: அவரவர் வாரப்படி' என்று எழுதிவிட்டார். அன்றிலிருந்து ஒரே டிப்போவில் மூன்று வாரங்கள் ஓடின. ஒரு நாள் ஒரே பஸ்ஸுக்கு மூன்று டிரைவர்கள் வந்து ஒருவரை ஒருவர் முறைப்பார்கள். இன்னொரு நாள் பஸ் மட்டும் தனியாக நிற்கும்.

இந்த லட்சணத்தில் ஒரு சனிக்கிழமை, மலைக்காரப் பையனான கண்டக்டர் கோவிந்தன் வெட்கப்பட்டுக்கொண்டே வந்து நின்றான்.

"சார், இந்த வாரம் வியாழக்கிழமை எனக்குக் கல்யாணம்."

கல்யாணம் என்ற சொல்லைக் கேட்டாலே சார் உருகிவிடுவார். எழுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, நல்லா இருப்பா என்று கண் கலங்கினார். வாழ்நாளிலேயே அந்த ஒரு தடவைதான் அவர் 'எந்த வாரம்?' என்று கேட்கவில்லை.

கோவிந்தன் சொன்னது வரப்போகிற வியாழன். அவன் வாரம் முந்தின நாள் சந்தையில்தான் பிறந்திருந்தது. சார் கணக்கில், மேனேஜர் வாரப்படி பார்த்தாலும் சங்கத்து வாரப்படி பார்த்தாலும், இந்த வாரத்து வியாழன் ஏற்கெனவே போய்விட்டது. கல்யாணம் முடிந்த கையோடு டூட்டிக்கு வந்துவிட்டானே, என்ன ஒரு பொறுப்பு என்று என்னிடம் வியந்தார். அவர் வாழ்த்தியதையே லீவு கிடைத்ததாக எடுத்துக்கொண்டு கோவிந்தன் போய்விட்டான். புது மாப்பிள்ளை பெண்டாட்டியைப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று, வருகிற வியாழக்கிழமை அவன் ஊருக்குப் போகும் மலை பஸ்ஸையே சார் அவனுக்குப் பாசத்தோடு எழுதி வைத்தார்.

புதன்கிழமை சாயங்காலம் போர்டைப் பார்த்துவிட்டுக் கோவிந்தன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"சார், நாளைக்கு எனக்குக் கல்யாணம். மலை டூட்டி போட்டிருக்கீங்களே."

சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "மறுபடியுமா?"

விஷயம் புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெண்ணுக்கு அடிவாரத்து ஊர். கல்யாணம் மலைமேல் மாப்பிள்ளை வீட்டில். முகூர்த்த நாள் என்பதால் வேன் எதுவும் கிடைக்காமல், பெண் வீட்டார் அந்த பஸ்ஸைத்தான் நம்பியிருந்தார்கள். மற்ற கண்டக்டர்களில் பாதிப் பேர் டூட்டியில். மீதிப் பேர் அவரவர் வாரப்படி ஆஃப் எடுத்துக்கொண்டு வேறு கல்யாணங்களுக்குப் போய்விட்டார்கள்.

"நான் வராம பஸ்ஸு போவாது. பஸ்ஸு போவாம பொண்ணு வராது. நான் இன்னா சார் பண்றது?" என்றான் கோவிந்தன்.

அருளப்பனைக் கூப்பிட்டோம். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்துக்காக மழையில் நின்று கோஷம் போட்டவர்.

"பாவந்தான் சார். ஆனா இன்னிக்கு கல்யாணத்துக்குன்னு நாம மாத்துனா, நாளைக்கு மேனேஜர் அவுரு இஷ்டத்துக்கு மாத்துவாரு. ஆஃப்ல இருக்கிற ஆள் யாராச்சும் மாத்திக்கிறேன்னு சொல்லட்டும், இப்பவே கையெழுத்து போடறேன்."

சார் தொண்டையைச் செருமினார்.

"நான் மாத்திக்கிறேன்."

ஒரு காலத்தில் அவரும் கண்டக்டர்தான். கொண்டை ஊசி வளைவுக்கும் அவர் வயிற்றுக்கும் ஒத்துப்போகாமல் ஆபீசுக்கு வந்து சேர்ந்தவர். லைசென்ஸை மட்டும் விடாமல் புதுப்பித்து வைத்திருந்தார்.

அருளப்பனுக்குத் தலை சுற்றியது. "நாளைக்கு உங்களுக்கு ஆபீஸ் டூட்டி ஆச்சே சார்?"

"இல்லப்பா. எனக்கு நாளைக்கு ஆஃப்."

"எந்த வாரப்படி?"

"என் வாரப்படி. என் வாரம் வியாழக்கிழமை பொறக்குது. மொத நாளே ஆஃப்."

நாலாவதாக ஒரு வாரம் இருக்கிறதா என்று அருளப்பன் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். எதிர் மேஜையில் இருந்த காலம் முழுக்க அவர் ஓர் ஆஃப் எடுத்து நான் கண்டதில்லை. அருளப்பன் தாளையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் நானும் கல்யாணத்துக்கு அதே பஸ்ஸில் ஏறினேன். ஒரு கையில் டிக்கெட் மெஷினும் இன்னொரு கையில் எலுமிச்சம்பழமுமாக சார் நின்றார். பெண் வீட்டார் சீர்த்தட்டுகளோடு ஏறினார்கள். மூன்றாவது வளைவில் அவர் முகம் வாழையிலைபோல ஆனது. ஐந்தாவது வளைவில் விசிலை என்னிடம் கொடுத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். மணப்பெண்ணே எழுந்து வந்து ஒரு துண்டு புளியை நீட்டி, "வாயில போட்டுக்கோங்க சார், நின்னுடும்" என்றது.

ஊர் வந்ததும் பஸ்ஸைத் திருப்ப வேண்டும். பின்னால் நின்று வழி சொல்ல வேண்டிய கண்டக்டர் சீட்டில் சுருண்டு கிடந்தார். பந்தலில் இருந்து பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை ஓடி வந்தான். பஸ்ஸின் பின்பக்கத்தைத் தட்டி, "வரலாம், வரலாம், ரைட்ல ஒடிங்க" என்று கத்தினான். ஜன்னலில் இருந்து பார்த்த பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தாலி கட்டும்போது சார் முன்வரிசையில் இருந்தார், வாயில் புளியோடு.

இப்போது கம்ப்யூட்டர் சார்ட் போடுகிறது. வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை என்று ஒப்பந்தத்திலும் எழுதிவிட்டார்கள். யாருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை. சார் ஓய்வு பெற்று அடிவாரத்தில் தனியாக இருக்கிறார். ஒரு நாள் வீட்டுக்கு வருகிறேன் என்று போனில் சொன்னேன். எந்த வாரம் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். "எந்த வாரம்னாலும் வாப்பா, வியாழக்கிழமையா பாத்து வா. வாராவாரம் அன்னிக்குத்தான் கோவிந்தனும் பொண்டாட்டியோட வருவான்" என்றார்.

கம்ப்யூட்டர் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஆஃப் கொடுத்திருந்தது. அருளப்பனிடம் கையெழுத்து வாங்கி, அதை நான் வியாழக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன்.