ஆரஞ்சு கவுனும் மூன்று கையெழுத்தும்

படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் என்னால் அதைக் கடந்துபோக முடியாது. வங்கிப் படிவமோ ரேஷன் படிவமோ, கட்டம் என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு டிக் விழுந்தாக வேண்டும். இது பிறவிக் குணம் இல்லை. ஒரகடத்தில் பிடித்த வியாதி.

தண்டலம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கூடப் படித்தவர்கள் எல்லாம் சென்னைக்குப் பஸ் ஏறியபோது, நான் எதிர்ப்பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். கார் கம்பெனிகளுக்குத் தகடு அடித்து, பாகங்களைத் தாங்கிப் பிடிக்கும் பிராக்கெட் செய்து தரும் ஒரகடத்துத் தொழிற்சாலை. தரப்பிரிவில் பயிற்சிப் பொறியாளர் என்று பெயர். உண்மையில் கோப்புகளுக்குக் காவல்.

ஸ்ரீபெரும்புதூரில் அரசு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்த என் அப்பாவுக்கு, தகரக் கூரைக்குக் கீழே பார்ப்பது வேலை என்றே தோன்றவில்லை. அதனால் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். ஒரு வருடப் பயிற்சி முடிந்ததும் நிரந்தரக் கடிதம் வந்தால், அவர் வங்கித் தேர்வு என்ற பேச்சையே எடுக்க மாட்டார். வராவிட்டால் நான் காஞ்சிபுரத்தில் பயிற்சி வகுப்பில் சேர வேண்டும். தேர்வுக்கான தடித்த புத்தகத்தை ஏற்கெனவே வாங்கி அட்டையும் போட்டு வைத்திருந்தார். (என் பள்ளிப் புத்தகங்களுக்கு அவர் அட்டை போட்டதாக நினைவில்லை.)

பயிற்சி முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஆலைத் தலைவர் சம்பத் சார் கூப்பிட்டார். வியாழக்கிழமை வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு, அதாவது ஆலையின் தரத்தைச் சோதிக்க, வருகிறார்கள். அவர்கள் அனுப்பிய கேள்விப் பட்டியலில் ஒரு வரி: உங்களுக்கு வெப்சைட் உண்டா, அதில் உங்கள் பொருட்கள் தெரியுமா? எங்களுக்கு வெப்சைட் உண்டு. ‘விரைவில் வருகிறோம்’ என்ற அறிவிப்போடு இரண்டு வருடமாக வந்துகொண்டே இருந்தது.

“நீ கம்ப்யூட்டர் படிச்சவதானேம்மா,” என்றார் சார். “வியாழக்கிழமை ஸ்க்ரீன்ல காட்டணும். நல்லபடியா முடிஞ்சா அன்னைக்கே உன் கன்ஃபர்மேஷன் லெட்டர்ல கையெழுத்துப் போட்டுடறேன்.”

வெப்சைட்டுக்கு இடம் வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் கம்பெனியின் கண்ட்ரோல் பேனலைத் திறந்தேன். மளிகைக் கடை அலமாரி போல வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். மின்னஞ்சலுக்கு ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று. கீழே கடைசி வரிசையில் ஆயத்தமான வெப்சைட்டுகள்: வலைப்பதிவு, அரட்டை மன்றம், புகைப்பட ஆல்பம், கடை. வேண்டியதைத் தேர்ந்தெடுத்து, ஒரு படிவத்தை நிரப்பி, பொத்தானை அழுத்தினால் இரண்டு நிமிடத்தில் தானே நிறுவிக்கொள்ளும். கல்லூரியில் ஒரு செமஸ்டர் முழுக்க நாலு பேர் சேர்ந்து எழுதியும் ஓடாத விஷயம் அது. என் தன்மானம் அடிபட்டது. ஒரு பொத்தான் வேலையைக் கௌரவப்படுத்த இருபத்து மூன்று படிகள் கொண்ட வேலைக் குறிப்பு ஒன்று தயாரித்தேன். ஒவ்வொரு படிக்கும் எதிரே ஒரு கட்டம்.

நான் தேர்ந்தெடுத்தது ‘கடை’. படம், பெயர், பார்ட் நம்பர் எல்லாம் போடலாம். பிராக்கெட்டுக்குப் பொருத்தம் என்று கணக்கு. படிவத்தின் கடைசியில் ஒன்பது கட்டங்கள் இருந்தன. மாதிரிப் பொருட்களையும் சேர்க்கவா? யார் வேண்டுமானாலும் ஆர்டர் கொடுக்கலாமா? பொருள் கைக்கு வந்தபின் பணம் தரலாமா? ஆர்டர் வந்ததும் மின்னஞ்சல் அனுப்பவா?

இந்த இடத்தில் எங்கள் ஆலை வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு இயந்திரத்தின் கழுத்திலும் ஒரு சரிபார்ப்புத் தாள் தொங்கும். எண்ணெய் இருக்கிறதா, தடுப்பு இருக்கிறதா என்று தினமும் டிக் போட வேண்டும். ஒரு கட்டம் விட்டுப்போனால் ஆடிட்டில் என்.சி., அதாவது குறை எழுதிவிடுவார்கள். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பின் சூப்பர்வைசர் பெருமாள் அண்ணன் முதல் நாளே எனக்கு உபதேசித்திருந்தார்: “மேடம், மிஷின் வேணா நிக்கலாம். கட்டம் காலியா நிக்கக் கூடாது.”

ஒன்பதிலும் டிக் போட்டேன்.

பொத்தானை அழுத்தியதும் கடை வந்தது, மாதிரிப் பொருட்களோடு. எல்லாம் பெண்களுக்கான உடைகள். அதற்கும் என்னிடம் படி இருந்தது: பத்தொன்பது, மாதிரிகளை நீக்கு, இருபது, பிராக்கெட் படங்களை ஏற்று. புதன்கிழமை மாலைக்குள் பன்னிரண்டு பிராக்கெட்டுகள் பளபளவென்று நின்றன. இருபத்து மூன்று டிக்கும் முடிந்து, நான், பெருமாள் அண்ணன், பச்சை மையில் சம்பத் சார் என்று மூவரும் தாளில் கையெழுத்துப் போட்டோம். பெருமாள் அண்ணன் பெருமையோடு வெப்சைட் முகவரியை அறிவிப்புப் பலகையில் எழுதியும் வைத்தார்.

வியாழன் காலை சார் ஒரு தவறைக் கண்டுபிடித்தார். வெப்சைட்டின் அடியில் இருந்த தொலைபேசி எண் பழையது. அரை நிமிட வேலை. உள்ளே போய் எண்ணை மாற்றினால் போதும். ஆனால் எங்கள் ஆலையில் குறையுள்ள பாகத்தை நடுவில் ஒட்டுப்போட மாட்டார்கள், முதல் கட்டத்திலிருந்துதான் திரும்பச் செய்வார்கள். விதி விதிதான். நானும் முதல் படியிலிருந்து ஆரம்பித்தேன். இங்கே ஏற்கெனவே ஒரு கடை இருக்கிறது, அதை அழித்துவிட்டு நிறுவவா என்று கண்ட்ரோல் பேனல் கேட்டது. பக்கத்தில் ஒரு கட்டம். (நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.)

பதினாறாவது படியில் இருந்தபோது வாசலிலிருந்து போன். ஆடிட்டர் அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். வரவேற்புக்கு என்னிடம் தனிப் பட்டியல் இருந்தது: பாதுகாப்புக் காலணி, காதடைப்பான், மோர், இன்னும் எட்டு. அதை ஒன்று விடாமல் முடித்தேன். திரும்பி வந்து கோப்பைத் திறந்தால், நேற்றைய தாளில் இருபத்து மூன்று டிக்கும் அழகாக இருந்தன. முடிந்த வேலை என்று மனம் நிம்மதியானது.

கூட்ட அறையில் சம்பத் சாரின் லேப்டாப்பைத் திரையோடு இணைத்து வெப்சைட்டைத் திறந்தேன். மேலே எங்கள் கம்பெனி பெயர், கொட்டை எழுத்தில். கீழே சுவரை அடைத்துக்கொண்டு, கையில்லாத ஆரஞ்சு கவுன் அணிந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

சம்பத் சார் மோர் தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

“இந்தப் பார்ட் எந்த பிரஸ்ல ஓடுது?” என்று கேட்டார் ஆடிட்டர். முகத்தில் சிரிப்பே இல்லை.

“அது சாம்பிள் சார்,” என்றேன், மிகவும் நிதானமாக. அந்த வயதில் நிதானமாகப் பேசினால் எதையும் சமாளிக்கலாம் என்று நம்பியிருந்தேன்.

“சாம்பிள் அப்ரூவல் வாங்கினீங்களா?”

பின்னால் பெருமாள் அண்ணன் என் காதருகே, “இன்னா மேடம், நம்ம எரநூறு டன் பிரஸ்ல கவுன் அடிச்சா தாங்குமா?” என்றார்.

அப்போது லேப்டாப் ‘டிங்’ என்றது. திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு: புதிய ஆர்டர். ஆடிட்டர் அதைத் திறக்கச் சொன்னார். ஆரஞ்சு கவுன், நடுத்தர அளவு, ஒன்று. பெயர் முத்துலட்சுமி. முகவரி, எங்கள் ஆலைப் பெண்கள் தங்கும் ஹாஸ்டல். ஆடிட்டர் தன் நோட்டைப் புரட்டி, டெலிவரி தேதி என்ன கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்.

இதை யார் சரிபார்த்தது என்பது அவருடைய அடுத்த கேள்வி. இதற்காகவே பிறந்தவள் போல அந்தத் தாளை நீட்டினேன். இருபத்து மூன்று டிக், மூன்று கையெழுத்து. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

“பேப்பர்ல ஒரு குறையும் இல்ல,” என்றார். “அதான் பயமா இருக்கு.”

பிராக்கெட்டுகள் எல்லாச் சோதனையிலும் தேறின. ஒரே ஒரு என்.சி. விழுந்தது. அது என்னுடையது.

தேநீர் இடைவேளையில் முத்துலட்சுமியைத் தேடிப் போனேன். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். புதிதாகத் தொடுதிரை போன் வாங்கியிருந்தாள். அறிவிப்புப் பலகையில் முகவரியைப் பார்த்திருக்கிறாள். “தீவாளிக்குக் கம்பெனில துணி குடுக்காவன்னுல்லா நெனச்சேன், யக்கா. எங்க அம்மைட்ட கூடச் சொல்லிட்டேன். சைஸ்லாம் கேட்டாவளே,” என்றாள். ஆர்டரை ரத்து செய்கிறேன் என்றதும் முகம் வாடிவிட்டது. அதற்குள் அவள் அறைத் தோழிகள் ஆறு பேரும் ஆளுக்கொரு கவுன் கேட்டிருந்தார்கள். ஏழு பேரிடமும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். (பெயர்களை எழுதி, ஒவ்வொன்றாக டிக் போட்டுத்தான்.)

மாதக் கடைசியில் கடிதம் வந்தது. நிரந்தரம் இல்லை, பயிற்சி மூன்று மாதம் நீட்டிப்பு. அந்தப் படிவத்தில் காரணம் எழுத வேண்டும். வருகைக் குறைவு, ஒழுங்கீனம், திறமைக் குறைவு எதுவும் எனக்குப் பொருந்தவில்லை. கவனக்குறைவு என்று சம்பத் சாரால் எழுத முடியாது; அந்தத் தாளில் அவர் கையெழுத்தும் இருக்கிறதே. நெடுநேரம் யோசித்திருக்க வேண்டும். ‘இதர காரணம்’ என்ற இடத்தில் பச்சை மையில் ஒரே சொல் எழுதியிருந்தார்: கவுன்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

“முப்பது வருஷமா ஃபைல் பாக்கறேன். லீவு சொல்லாம போனவன், குடிச்சிட்டு வந்தவன், மேலதிகாரிய அடிக்கப் போனவன், எல்லாருக்கும் ரிமார்க் எழுதியிருக்கேன்,” என்றார். “கவுனுக்கு எழுதினதில்லையேம்மா.”

நான் முதலிலிருந்து சொன்னேன். ‘சாம்பிள் அப்ரூவல்’ வரும்வரை சமாளித்தார். டெலிவரி தேதியில் உடைந்துபோனார். சமையலறையிலிருந்து அம்மா தண்ணீர்ச் சொம்போடு ஓடிவரும் அளவுக்குச் சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, நானும் மூணு மாசம் எக்ஸ்டென்ஷன் குடுக்கறேன்,” என்றார். மூன்று மாதம் கழித்து நிரந்தரக் கடிதம் வந்தது. அட்டை போட்ட புத்தகம் பக்கத்து வீட்டுக்குப் போனது.

அந்தச் சொல் மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. தேதி தள்ளிப்போகும் எதற்கும் அதுதான் பெயர். கேஸ் சிலிண்டர் வராவிட்டால் ‘கவுன்’. தங்கையின் தேர்வு முடிவு தாமதமானால் ‘கவுன்’. டாக்டர் சொன்ன நாள் கடந்தும் எனக்குக் குழந்தை பிறக்காதபோது, அப்பா மருத்துவமனையிலிருந்து உறவினர்களுக்கு வரிசையாகப் போன் செய்து, “இன்னும் கவுன்லதான் இருக்கு,” என்று கவலையோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படி ஒன்பது நாள் தாமதமாக வந்த மகள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் அவள் டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். வீட்டுப்பாடம் ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டிருக்கிறார். இவள் கைகட்டி நின்று, மிகவும் நிதானமாக, “கவுன், மிஸ்,” என்றாளாம்.