என்கோடருக்கு வைத்த பூ

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. மறதி வேறு. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடுகிறவள் எழுதுவது, பொறுத்துக்கொண்டு படியுங்கள். இந்த ஒரு நாளை மட்டும் நான் மறந்தாலும் எங்கள் வீட்டில் விடமாட்டார்கள்.

சூலூர் பக்கம் எங்கள் வீட்டை ஒட்டியே லேத் பட்டறை. கையால் சுற்றி ஓட்டுகிற பழைய லேத். அதன் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து என் வீட்டுக்காரரின் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. எங்கள் மகன் செந்தில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு வந்து, சக்கரத்தைக் கழற்றிவிட்டு சர்வோ மோட்டார் வைக்கிறேன், இனிமேல் கம்ப்யூட்டரே ஓட்டும் என்றான். அப்பனுக்கும் மகனுக்கும் சண்டை. (சண்டை என்றால் கத்துவதில்லை. இரண்டு பேரும் என்னிடம் பேசுவார்கள். உன் பையனிடம் சொல்லு என்பார் அவர். அப்பாவிடம் சொல்லுங்கள் என்பான் இவன். நான் யாரிடமும் எதையும் சொல்லமாட்டேன். அதனாலேயே சண்டை பெரிதாகாமல் இருந்தது.)

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பம்பு கம்பெனியிலிருந்து ஆள் வரும்போது புது ஏற்பாட்டில் ஒரு ஷாஃப்ட் (பம்புக்குள் சுழலுகிற இரும்புத் தண்டு) கடைந்து காட்டுவது. அளவு சரியாக வந்தால் கம்பெனி வேலை எங்களுக்கு. வராவிட்டால் பழைய சக்கரத்தை மாட்டிவிட்டு, ஓசூரில் கிடைத்த வேலைக்குச் செந்தில் போய்விடுவது. ஒற்றைப் பிள்ளை. ஷாஃப்ட் எப்படியாவது போகட்டும், எனக்கு அவன் வீட்டில் இருக்க வேண்டும்.

அந்த மெஷினைப் பற்றி அவன் எனக்குப் புரியும்படி சொல்லியிருந்தான். 'இவ்வளவு தூரம் போ' என்று கம்ப்யூட்டர் சொல்லுமாம். சர்வோ மோட்டார் போகுமாம். போன தூரத்தை அளந்து 'வந்து சேர்ந்துவிட்டேன்' என்று திரும்பச் சொல்வதற்கு என்கோடர் என்று ஒரு சின்ன டப்பா. அது சரியாகப் பதில் சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிடுமாம். எல்லாம் நன்றாகப் புரிந்தது. டப்பா எங்கே இருக்கிறது என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

கம்பெனி ஆள் வருகிற காலையில் குளித்துவிட்டு, ஒரு முழம் மல்லியோடு பட்டறைக்குள் போனேன். வெள்ளிக்கிழமைதோறும் நான் பூ வைப்பது அந்தச் சக்கரத்துக்குத்தான். அது இருந்த இடத்தில் இப்போது ஒரு தகர மூடி. மூடிமேல் வைத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் கோயிலுக்குப் போய்க் கதவுக்கு மாலை போட்டுவிட்டுத் திரும்பின மாதிரி இருக்காதா? திறந்தேன். உள்ளே நீளக் கம்பியின் முனையில் குங்குமச் சிமிழ் மாதிரி ஒன்று அழகாக உட்கார்ந்திருந்தது. கம்பியையும் சிமிழையும் சேர்த்துப் பூவைச் சுற்றி, நழுவாமல் முடிச்சுப் போட்டு, என் பிள்ளையை ஓசூருக்கு அனுப்பிவிடாதே என்று கும்பிட்டு, மூடியைச் சாத்திவிட்டு வந்தேன். (வாழைநார் முடிச்சு. நான் போட்டால் யாராலும் அவிழ்க்க முடியாது. இதில் எனக்குப் பெருமை வேறு.)

கம்பெனியிலிருந்து வந்தது ஒரு பெண். பேன்ட் சட்டை, கையில் அளக்கிற சாமான் பெட்டி. செந்தில் பொத்தானை அழுத்தினான். மெஷின் உய்யென்று கொஞ்சம் நகர்ந்தது, நின்றது, சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினான். மறுபடி சிவப்பு. நேற்று சாயங்காலம்கூட ஓடியதே என்று வயரைக் கழற்றி மாட்டினான், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான், மோட்டார் விற்ற காந்திபுரத்துக் கடைக்காரருக்குப் போன் போட்டான். என் வீட்டுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சக்கரம் இருந்திருந்தால் இந்நேரம் நாலு ஷாஃப்ட் இறக்கியிருக்கலாம் என்று கூரையைப் பார்த்துச் சொன்னார்.

நான் அடுப்படி ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கம்பி முனையில் இருக்கிற என்கோடர் பதில் சொல்லவில்லை, புரோகிராமில்தான் கோளாறு என்று செந்தில் அந்தப் பெண்ணிடம் சொன்னான். கம்பி முனை என்றதும் எனக்குக் காலையில் கட்டிய பூ ஞாபகம் வந்தது.

சொல்லிவிடலாம் என்று டீயை எடுத்துக்கொண்டு போனேன். வெளி ஆள் முன்னால் வாய் வரவில்லை. டீயைக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்னொரு தடவை டீயோடு போனேன். அப்புறம் இன்னொரு தடவை.

"போதுமுங்மா, வவுறு பூராவும் டீதான் இருக்குது" என்றான் செந்தில். சொல்லிவிட்டு மூலைக்குப் போய்ப் பழைய சக்கரத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். எனக்கு உயிரே போய்விட்டது.

நல்லவேளை, அந்தப் பெண் கை கழுவ அடுப்படிக்கு வந்தாள்.

"ஏனுங்க அம்மணி, அந்த டப்பாவுக்குப் பூ வெச்சா கோவிச்சுக்குமுங்களா?"

சோப்பு நுரையோடு நின்றாள். "எந்த டப்பாவுக்குங்க?"

"பதில் சொல்ற டப்பாவுக்கு."

"மேல வெச்சீங்களா, உள்ள வெச்சீங்களா?"

"உள்ளதானுங்க. முடிச்சுப் போட்டு."

நுரையைக் கழுவிவிட்டுக் கையை உதறினாள். "எங்கம்மா ஏ.சி.க்குள்ள எலுமிச்சம்பழம் வெச்சாங்க. பயப்படாதீங்க" என்றாள்.

போய், அந்த மூடியை ஒரு தடவை திறந்து பார்க்கலாமா என்று மட்டும் கேட்டாள். திறந்தார்கள். கம்பி சுற்றியதில் மல்லிகை துவையலாகியிருந்தது. நார் இறுக்கி இழுத்ததில் டப்பா குடிகாரன் தலை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. பட்டறை முழுக்க வாசனை. அந்த முடிச்சைப் போடுகிற ஆள் அந்த வீட்டில் யார் என்று எல்லோருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டேன்.

திட்டு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எட்டிப் பார்த்தால், இத்தனை நாளாக அந்த மெஷினைத் தொடாத மனிதர் மண்டிபோட்டு உட்கார்ந்து, பிளேடால் நாரை இழை இழையாக அறுத்துக்கொண்டிருக்கிறார்.

"வயரு பத்திரமுங்ப்பா" என்றான் செந்தில்.

"எனக்குத் தெரியும். நீ டார்ச்ச நேராப் புடி."

சண்டை தொடங்கியதிலிருந்து என்னை நடுவில் வைக்காமல் அவர்கள் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

டப்பாவை நிமிர்த்தி மாட்டியதும் மெஷின் ஓடியது. அந்தப் பெண் ஷாஃப்டை அங்கங்கே அளந்து பார்த்து, அளவு சரி என்று தலையாட்டினாள். செந்தில் ஓசூருக்குப் போகவில்லை. இப்போது அந்தக் கம்ப்யூட்டரை அவனையே தொடவிடாமல் என் வீட்டுக்காரர்தான் ஓட்டுகிறார்.

அன்றைக்குச் சோறு போடும்போது அவர் சொன்னார்: "டேய், உங்கம்மாளுக்கும் ஒரு என்கோடர் வெச்சுடு. செய்யறதெல்லாம் செஞ்சுபோடறா. செஞ்சேன்னு மட்டும் சொல்லமாட்டீங்கறா."

அதிலிருந்து நான் கேஸை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று யாரும் நேராகக் கேட்பதில்லை. "அம்மா, என்கோடர் என்னங்க சொல்லுது?" என்கிறார்கள். பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்தில் முன்பின் தெரியாத ஒருவர் என்னைப் பார்த்து, என்கோடர் அம்மா நீங்கள்தானா என்று கேட்டார்.

பூவைப் பற்றி எழுதியதெல்லாம் சரி. மெஷினைப் பற்றி எழுதியதை மட்டும் யாராவது செந்திலிடம் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். இதை எழுதியிருக்கிறேன் என்று அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.